பல்செட்டு வலிக்கு ‘மூலிகை பேக்கேஜ்’ வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஒரு கடை, பல்செட்டு வலிக்கு ஆயுர்வேதத் தீர்வு என்று நோட்டீஸ் அடித்து விற்கிறது. அங்கே வாங்கி அம்மா பட்ட பாட்டை எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் புதிதாக மேலும் கீழும் முழு செட்டு. கீழ் ஈறில் ஒரே இடத்தில் உரசிப் புண். கடைக்காரர் (போர்டில் வைத்தியர்) வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கக்கூட இல்லை. “பல் டாக்டர்கிட்ட போனா செட்டைச் சுரண்டிக் கெடுத்திருவாங்க அம்மா, நம்ம எண்ணெய்க்கே ஈறு இறுகிரும்” என்றார். கொப்பளிக்க எண்ணெய், செட்டு தேய்க்கப் பொடி, ஊறப்போடக் கஷாயச் சூரணம். 4,500 ரூபாய். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டு. பாட்டிலில் உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி எதுவும் கிடையாது.

மூடியைத் திறந்தாலே கிராம்பு மூக்கில் ஏறியது. கிராம்பு எண்ணெய் காட்டமாகப் பட்டால் வாய்த்தோல் வெந்துவிடும். “எரியுது மக்கா” என்று அம்மா துப்பிவிட்டார். போன் செய்தால், “எரிஞ்சாத்தாம்மா மருந்து பிடிக்குது” என்று பதில்! பொடியோ விரலில் நறநறத்தது. செட்டு அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக். கீறல் விழுந்தால் அதில் பூஞ்சை குடியேறும். கஷாயத்தைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றச் சொன்னதுதான் உச்சம். கீழ்செட்டு வளைந்து, ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் தூக்கியது.

பல் டாக்டர் செட்டின் உட்பக்கம் ஒரு பசையைத் தடவி, வாயில் வைத்து எடுத்தார். புண் இருந்த இடத்துக்கு நேரே பசை விலகி மேடு தெரிந்தது. “முதல்லயே வந்திருந்தா இதை ராவி விட்டிருப்பேன், அவ்வளவுதான்” என்றார். அந்த ‘சுரண்டல்’தான் வைத்தியமே! வளைந்த செட்டை இனி புதிதாகத்தான் செய்ய வேண்டும். மேலண்ணம் சிவந்திருந்ததற்குப் பூஞ்சை மருந்து தனி.

ஆயுர்வேதத்தைக் குறை சொல்லவில்லை. கவளம் (எண்ணெயோ கஷாயமோ ஊற்றிக் கொப்பளிப்பது), கண்டூஷம் (வாய் நிறைய வைத்திருந்து துப்புவது) எல்லாம் பழைய முறைகள்தான். ஈறுக்கு அரிமேதாதி தைலம் இருக்கிறது, வெதுவெதுப்பான திரிபலா கஷாயத்தில் கொப்பளிப்பதும் உண்டு. செட்டைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனையே இருக்கும்போது இந்தக் கடைகள் எதற்கு? பல் எடுத்தபின் தாடை எலும்பு வருஷா வருஷம் தேயும், செட்டு லூசாகும். எந்த எண்ணெயும் அந்த எலும்பை வளர்க்காது. உள்பக்கம் ரீலைன் செய்யத்தான் வேண்டும், அதாவது ஈறுக்குப் பொருந்தும்படி புதுப் பூச்சு கொடுக்க வேண்டும்.

அப்புறம், ராத்திரி செட்டைக் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போடுங்கள். தேய்க்க மெத்தென்ற பிரஷும் சோப்பும் போதும்.

கடைக்காரர் பணம் தர மறுத்துவிட்டார், செட்டே முதலில் சரியில்லையாம். துண்டுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லப்போகிறேன். இதே பேக்கேஜ் வாங்கியவர்கள் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். புண் 2 வாரத்தில் ஆறவில்லை என்றால், அதுவும் வெற்றிலை, புகையிலை போடுகிறவர் என்றால், நேரே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் காட்டுங்கள்.