வெப்ப அயர்ச்சி: இன்ஃப்ராரெட் கன்னா, மூச்சு எண்ணிக்கையா?

கறவை மாடு சூட்டில் தவிக்கிறதா என்று பார்க்க மூன்று வழி உண்டு: தொடாமலே தோலின் சூட்டைக் காட்டும் இன்ஃப்ராரெட் கன், ஆசனவாயில் வைக்கும் தெர்மாமீட்டர், மூச்சை எண்ணுவது. மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டு, அன்றாடக் கண்காணிப்புக்கு நான் எடுத்துக்கொண்டது மூச்சைத்தான்.

வேகத்தில் கன்னை அடித்துக்கொள்ள முடியாது. மாட்டைப் பிடிக்க வேண்டாம், அழுத்தினால் எண் வந்துவிடும். தெர்மாமீட்டருக்கு மாட்டைக் கட்டி, வாலைத் தூக்கிக் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்த கதைதான். நான் பார்த்தது, வருகிற எண்ணை நம்பலாமா என்பதை.

கன் அளப்பது மாட்டின் மேற்பரப்பை மட்டும். வெயிலில் நிற்கும் ஒரே மாட்டில் கறுப்புத் திட்டு ஒரு எண்ணும், பக்கத்து வெள்ளைத் திட்டு பல டிகிரி குறைவாக இன்னொரு எண்ணும் காட்டும். தண்ணீர் தெளித்த கையோடு அளந்தால் தோல் குளிர்ந்திருக்கும், உள்சூடு இறங்கியிருக்காது. சாணி அப்பிய தொடையில் வேறு கணக்கு. தூரமும் சேர்ந்துகொள்ளும்: தூரத்துக்கும் அளக்கும் வட்டத்தின் அகலத்துக்கும் உள்ள விகிதம் 12:1 என்று போட்ட கருவி ஒரு மீட்டர் தள்ளி நின்றால் சுமார் 8 செ.மீ. வட்டத்தின் சராசரியைத்தான் தரும். கண்ணின் உள்மூலை உடல் வெப்பத்துக்கு நெருக்கமான இடம். ஆனால் அவ்வளவு பெரிய வட்டத்துக்குள் அந்தச் சின்ன மூலையை எங்கே பிடிப்பது? அதற்குள் மாடு தலையை ஆட்டிவிடும்.

தோல் 35 டிகிரியை நெருங்கித் தாண்டும்போது, உடம்பின் சூடு தானாகத் தோல் வழியே வெளியேறுவது மட்டுப்படுகிறது. அதன் பிறகு வியர்வையும் மூச்சும்தான் கதி. அதனால் மாடு எவ்வளவு திணறுகிறது என்பதை மூச்சு நேராகவே சொல்லிவிடும். கடைசி விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளம் ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினால் அயர்ச்சி தொடங்கிவிட்டது. 80-க்கு மேல் போனால் விசிறியும் தண்ணீரும் உடனே வேண்டும். நடந்து வந்த மாட்டை எண்ணாதீர்கள், ஆசுவாசப்படட்டும். இன்னொன்று: வாயைத் திறந்து, நாக்கைத் தள்ளி, எச்சில் ஒழுக ஆழமாக இழுக்கும் கட்டத்தில் எண்ணிக்கை குறையும். சூடு தணிந்துவிட்டது என்று அதை எடுத்துக்கொண்டால் மாட்டின் உயிருக்கே ஆபத்து.

நான் எண்ணியதெல்லாம் கலப்பினப் பசுக்களை. எருமைக்கு இதே எல்லைகளை அப்படியே வைக்க மாட்டேன்.

தெர்மாமீட்டர் சந்தேகம் தீர்க்க. கொட்டகையே இரைத்தால் வெயில். ஒரு மாடு மட்டும் இரைத்தால் காய்ச்சலாக இருக்கலாம், அப்போது உள்வெப்பம் பார்த்தே ஆக வேண்டும். 38.5 டிகிரியை ஒட்டி இருந்தால் காய்ச்சல் இல்லை.

கன் சும்மா கிடக்கவில்லை. கூரைத் தகட்டின் அடிப்பக்கமும் தரையும் எவ்வளவு கொதிக்கின்றன என்று பார்க்க அதுதான் வசதி. பளபளக்கும் புதுத் தகட்டில் மட்டும் தப்பாகக் காட்டும். பெயின்ட் அடித்த தகட்டில் சரியாக வரும்.