மென்மையான பட்டைகளை நகர்த்த எது ஏற்றது: அழுத்து உருளையா, உறிஞ்சும் பெல்ட்டா, எஸ்-சுற்றா?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணியானாலும், மதுரை கப்பலூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் அளவாக வெட்டப்படும் மெல்லிய பிளாஸ்டிக் படலமானாலும், இத்தகைய நீண்ட பட்டையை எந்திரத்தில் ஓட்டும்போது எழும் சிக்கல் ஒன்றுதான்: நகர்த்துவதற்குப் பிடி வேண்டும், அந்தப் பிடியே பொருளைக் கெடுத்துவிடவும் கூடாது.

விலை குறைந்ததும் எல்லோருக்கும் பழகியதும் ரப்பர் உறையிட்ட இரண்டு உருளைகளுக்கிடையே பட்டையை அழுத்தி இழுக்கும் முறையாகும். உருளைகள் இணையாக அமையாவிட்டாலோ, ஒரு முனையில் அழுத்தம் கூடினாலோ பட்டை ஒருபக்கமாக ஒதுங்கிச் சுருக்கம் விழும். அழுத்தத்தை மேலும் கூட்டினால், ரப்பர் அமுங்கி அதன் மேற்பரப்பு நீள்வதால், கணக்கிட்டதைவிடச் சற்று அதிக நீளம் வெளியேறும். அளவு பார்த்து வெட்டும் வேலையில் இது நேரடியாகப் பிழையாகிறது. பேண்டேஜ் துணிக்கோ இதைவிடப் பெரிய கேடு உண்டு: நெசவு தளர்வாக இருப்பதால், சீரற்ற அழுத்தத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் விலகி, குறுக்காக ஓடும் ஊடை நூல்கள் வில்லாக வளைந்துவிடுகின்றன.

துளையிட்ட பெல்ட்டின் அடியிலிருந்து காற்றை உறிஞ்சிப் பட்டையைப் பிடிக்கும் முறையில் பட்டையின் மேல்பக்கத்தை எதுவும் தொடுவதில்லை. மை உலராத படலத்துக்கு இது பெரும் வரம். 10 கிலோபாஸ்கல் உறிஞ்சழுத்தம் 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் 100 நியூட்டன் விசையைத் தருகிறது. உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால் 30 நியூட்டன் வரை இழுக்கலாம். மென்பட்டைக்கு அது தாராளம். ஆனால் படலம் மிக மெல்லியதாக இருந்தால் துளை இருக்கும் இடங்களில் குழி விழக்கூடும் என்பதால், பெரிய துளைகள் சிலவற்றைவிடச் சிறிய துளைகள் பலவே நல்லவை. இதே பெல்ட்டைப் பேண்டேஜ் துணிக்குப் பரிந்துரைக்க என்னால் இயலாது. கண்ணிகள் வழியே காற்று தடையின்றிப் புகுந்துவிடுவதால் காற்றை உறிஞ்சும் புளோயர் பெரிதாக வேண்டும், மின்செலவு ஏறும். பஞ்சுத் தூசியும் துளைகளை அடைக்கும்.

அத்துணிக்கு என் தேர்வு எஸ் வடிவச் சுற்று. மோட்டாரால் சுழலும் இரண்டு உருளைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் துணி தழுவிச் செல்கிறது. நசுக்கும் இடம் எங்கும் இல்லை. அதே 0.3 உராய்வில் அரைச் சுற்றுக்கு இருபுற இழுவிசைகளின் விகிதம் சுமார் 2.6 வரை நழுவாமல் தாங்கும். இரண்டு உருளைகளிலுமாக முழுச் சுற்றானால் 6.6 வரை. ஆனால் ஒருபுறம் துணி முழுக்கத் தளர்ந்தால், எந்த விகிதத்தால் பெருக்கினாலும் கிடைக்கும் பிடி சுழியமே. ஆகவே மேலும் கீழும் அசைந்து இழுவிசையைக் காக்கும் டான்சர் உருளையை உடன் பொருத்தியே தீர வேண்டும். அதைச் செலவென்று தவிர்ப்பவர்கள் எஸ்-சுற்றை வாங்காமலிருப்பதே மேல்.

இம்மூன்றையும் தவிர, பட்டையைப் பற்றி இழுத்துத் திரும்பும் கிரிப்பர், நின்று நின்று வெட்டும் வேலைக்கு மட்டும் பொருந்தும். காற்றில் மிதக்கவிடும் தண்டு, பட்டையைத் தொடாமல் திருப்புமே தவிர இழுக்காது.

அழுத்து உருளையே கட்டுப்படியாகும் என்பவர்கள், இரு முனைகளுக்கும் காற்றழுத்தத்தால் இயங்கும் தனித்தனி நியூமேட்டிக் சிலிண்டரும் அழுத்தமானியும் வைத்து, பட்டை நழுவாத மிகக் குறைந்த அழுத்தத்தைக் கண்டறிந்து, அதற்குச் சற்றே மேலே நிறுத்திக்கொள்ள வேண்டும்.