தினமும் ஜிஎஸ்டி பில் பார்க்கிறவள் கோட்டை விட்ட கதை

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நிட்டிங் பில், டையிங் பில், காம்பாக்டிங் பில், அட்டைப்பெட்டிக்காரர் பில் என்று ஒரு நாளைக்கு நூறு நூற்றைம்பது இன்வாய்ஸ் என் கையைத் தாண்டித்தான் போகும். ஒரு பில்லில் கோடு எண் தப்பாக இருந்தால் டீ குடித்துக்கொண்டே கண்டுபிடித்துவிடுவேன். அப்படிப்பட்டவள், தம்பியின் படிப்புக்குக் கட்டிய 7,67,000 ரூபாயின் பில்லை நாலாக மடித்து பீரோவில் வைத்தேன். ஒன்றரை வருடம் கழித்துத்தான் முழுசாகப் படித்தேன்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வீடுகளுக்கு அனிமேஷன், விஎஃப்எக்ஸ் (படக் காட்சிகளைக் கம்ப்யூட்டரில் உருவாக்குவது), கேம் டிசைன் என்று இப்போது போன் வர ஆரம்பித்திருக்கும். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. வழக்கு நடக்கிறது, வக்கீல் வேண்டாம் என்கிறார்.

அப்பா கட்டிங் மாஸ்டர். தம்பி பேசப் பழகும் முன்பே வரையப் பழகியவன். அப்பா கொண்டுவரும் மார்க்கர் பேப்பரின் பின்பக்கம் முழுக்க யானையும் ரயிலும் சண்டை போடும் ஆட்களுமாக இருக்கும். 2022-இல் பிளஸ் டூ முடித்தான். இன்ஜினியரிங் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னான். எங்கேயோ ஒரு பள்ளிக் கண்காட்சியில் அவன் நிரப்பிக் கொடுத்த போன் நம்பருக்கு, கோவையிலிருந்து ஓர் அனிமேஷன் கல்லூரியின் கவுன்சிலர் பேசினார். (வார்டு கவுன்சிலர் இல்லை. கோர்ஸ் விற்பவருக்கு அங்கே அதுதான் பதவிப் பெயர்.)

முதலில் ஒரு ஸ்காலர்ஷிப் தேர்வு வைத்தார்கள். தம்பிக்கு முப்பது சதவீதம் தள்ளுபடி கிடைத்தது. வீடே பூரித்துப்போனது. பிறகு விசாரித்ததில், அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டைக் கழுதை மாதிரி வரைந்த பையனுக்கும் அதே முப்பது சதவீதம். "மேடம், இந்த ஸ்காலர்ஷிப் இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும்தான். மூணே சீட்டு இருக்கு" என்று மத்தியானத்துக்குள் நாலு தடவை கூப்பிட்டார்கள். அடுத்த வருடம் மார்ச்சிலும் அதே மூன்று சீட்டு மிச்சம் இருந்தது என்பது வேறு கதை.

நேரில் போனபோது பெரிய திரையில் 'லைஃப் ஆஃப் பை' படத்துப் புலியைக் காட்டினார்கள். "இதைச் செய்யத்தான் சொல்லித்தர்றோம்." அப்பாவுக்கு வாய் பிளந்துவிட்டது. அந்தப் புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்த இரண்டே வாரத்தில்தான் அந்தப் படத்துக்காக ஆஸ்கர் வாங்கியது என்பதை அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

மூன்று வருட அட்வான்ஸ்டு டிப்ளமா. கூடவே வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பி.எஸ்சி. பட்டம், தொலைநிலையில். கட்டணம் தள்ளுபடி போக 6,50,000. அதற்கு மேல் வரி.

கடனுக்கு எங்கள் வங்கிக்குப் போனோம். மேனேஜர் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கோர்ஸ் எங்க லிஸ்ட்ல வராதுங்க அம்மணி. டிகிரி காலேஜா இருந்தா ஏழரை லட்சம் வரைக்கும் அடமானமே கேட்க மாட்டோம். இதுக்குக் குடுக்க முடியாதுங்க" என்றார். அந்த மனிதர் அன்றைக்கு எங்களுக்குச் செய்தது பெரிய உபகாரம். நாங்கள் அதை அவமானமாக எடுத்துக்கொண்டோம். "கவர்ன்மென்ட் பேங்க்காரங்களுக்கு ஆர்ட்னா என்னன்னு தெரியாதுங்க" என்று கவுன்சிலர் சிரித்தார். அவருடைய மேஜைக்குப் பக்கத்து மேஜையிலேயே ஒரு தனியார் ஃபைனான்ஸ் கம்பெனி ஆள் உட்கார்ந்திருந்தார். ஆதார், பான், என் சம்பள சிலிப். நாற்பது நிமிடத்தில் ஐந்து லட்சம், 14 சதவீத வட்டிக்கு. பணம் எங்கள் கணக்குக்கு வரவே இல்லை, நேராக அவர்கள் கணக்குக்குப் போனது. இஎம்ஐ அடுத்த மாதமே தொடங்கியது: 17,089 ரூபாய், முப்பத்தாறு மாதம். கோ-அப்ளிகன்ட் நான். மீதிக்கு அப்பா ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தார், அம்மாவின் வளையல் இரண்டு போனது.

இனி அந்த பில். 6,50,000-க்குக் கீழே "ஜிஎஸ்டி 18% – 1,17,000". பக்கத்தில், எந்தச் சேவைக்கான பில் என்று காட்டும் ஜிஎஸ்டி கோடு எண் 999293. மேலே நிறுவனத்தின் பெயர், கடைசியில் "பிரைவேட் லிமிடெட்".

இந்த மூன்றையும் பார்த்த உடனே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். சட்டம் அங்கீகரித்த பட்டத்துக்கோ டிப்ளமாவுக்கோ பாடம் நடத்தும் நிறுவனம் மாணவரிடம் வாங்கும் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. கலைக் கல்லூரியில் படித்த என் ஃபீஸ் ரசீதில் எங்கேயாவது வரி இருந்ததா? 18 சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்றால், "நாங்கள் தருவது அங்கீகரித்த கல்வி இல்லை" என்று அவர்களே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 999293 என்பது வணிகப் பயிற்சி, கோச்சிங் சேவைக்கான கோடு. டைப்பிங் சென்டரும் அதில்தான் வரும். பிரைவேட் லிமிடெட் என்பது லாபத்துக்காக நடத்தும் கம்பெனி. நம் நாட்டில் பட்டம் தரும் கல்லூரியை அறக்கட்டளையோ சங்கமோ அதுபோன்ற லாப நோக்கமில்லாத அமைப்போதான் நடத்த முடியும். பட்டம் கொடுக்கும் உரிமை, 1956-ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டப்படி, பல்கலைக்கழகங்களுக்கும் நாடாளுமன்றச் சட்டம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனங்களுக்கும் மட்டும்தான். போர்டில், பேனரில், பையனுக்குக் கொடுத்த டி-ஷர்ட்டில் எல்லாம் "காலேஜ்" என்று இருந்தது. வரித்துறைக்குக் கணக்குக் காட்டும் காகிதத்தில் மட்டும் அந்த வார்த்தை இல்லை.

சரி, அங்கீகாரம் போகட்டும், தொழிலையாவது கற்றுக்கொடுத்தார்களா என்று கேட்பீர்கள்.

ஐந்து மாதம் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே ஒரு சார். பெயர் சொன்னால் அவருக்குச் சங்கடம். சென்னையில் பல வருடம் ஸ்டுடியோவில் இருந்துவிட்டு ஊர்ப்பக்கம் வந்தவர். முதல் இரண்டு மாதம் கம்ப்யூட்டரையே தொடவிடவில்லை. பையன்களைக் கூட்டிக்கொண்டு உக்கடம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிடுவார். மூட்டை தூக்குபவரின் முதுகு எப்படி வளைகிறது, பஸ் கிளம்பும்போது ஓடிவந்து ஏறுபவரின் எடை எந்தக் காலில் இருக்கிறது, அதை முப்பது வினாடியில் வரை என்பார். தம்பி அந்த ஐந்து மாதத்தில் நிரப்பிய நாலு ஸ்கெட்ச் நோட்டு இன்றைக்கும் அவன் தலைமாட்டில் இருக்கிறது. எங்கள் ஏழு லட்சத்துக்கு வந்த சரக்கு என்று கைகாட்ட முடிந்தது அது ஒன்றுதான்.

மூன்று மாதச் சம்பளம் நின்றுபோனதும் அவர் போய்விட்டார். பதிலுக்கு வந்தவர், போன வருடம் அங்கேயே படித்து முடித்த பையன். நல்ல பையன்தான், பாவம். யூடியூப் வீடியோவைத் திரையில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி விளக்குவான். முப்பத்திநாலு பேருக்கு இருபது கம்ப்யூட்டர், அதில் பதினாலு ஓடும்.

சாஃப்ட்வேர் கட்டணம் என்று தனியாக 35,400 வாங்கினார்கள், வரியோடு சேர்த்து. இதைக் கேட்டால் உங்களுக்கும் வயிறு எரியும். இந்தத் தொழிலில் பயன்படும் சாஃப்ட்வேர்களையே பாருங்கள்: மாயாவை ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு இலவசமாகவே கொடுக்கிறது, வருடா வருடம் புதுப்பித்துக்கொள்ளலாம். ஹூடினிக்கு இலவசக் கற்றல் பதிப்பு உண்டு. நியூக்குக்கும் வணிகமல்லாத பதிப்பு உண்டு. பிளெண்டர் எல்லோருக்கும் முற்றிலும் இலவசம். டாவின்சி ரிசால்விலும் காசில்லாத பதிப்பு இருக்கிறது. காற்றுக்குக் காசு கட்டிய மாதிரி.

"நூறு சதவீத பிளேஸ்மென்ட்" என்றது ஒப்பந்தத்தில் "பிளேஸ்மென்ட் உதவி" என்று சுருங்கியிருந்தது. சீனியர் பேட்ச் 28 பேரில் ஐந்து பேருக்குச் சென்னையில் ரோட்டோ டிரெய்னி வேலை, பத்து பன்னிரண்டாயிரம் சம்பளம். ரோட்டோ என்றால் ஷாட்டில் இருக்கும் ஆளின் விளிம்பை ஒவ்வொரு ஃபிரேமாக வரைந்து பிரித்தெடுப்பது, ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம். தம்பி விளக்கியதைக் கேட்டு அப்பா, "நம்ம கட்டிங் வேலைதானடா இது. இதுக்கு நான் ஓசியிலயே சொல்லித்தந்திருப்பனே" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை.

அந்த வேலையும் நிலையானது இல்லை. 2025 பிப்ரவரியில், பல நாடுகளில் விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோ நடத்திய டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரு, மும்பை ஸ்டுடியோக்களும் சேர்ந்தே போயின. அங்கே இருந்த அனுபவஸ்தர்களே வேலை தேடி அலையும்போது, பயிற்சி மையத்து டிப்ளமாவோடு போகும் பையனை யார் பார்ப்பார்கள்?

2023 டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை கிளாசுக்குப் போன தம்பி மத்தியானமே திரும்பி வந்தான். "ஓனர் மாறிட்டாருங்க்கா. பழைய ஃபீஸ் கணக்கு தங்களுக்குத் தெரியாதுங்கிறாங்க" என்றான். கிளை ஃபிரான்சைஸாம், அதாவது தலைமை நிறுவனத்தின் பெயரில் வேறொருவர் நடத்துவது. தலைமை அலுவலகத்துக்கு எழுதினால், "ஃபிரான்சைஸி தனிச் சட்ட நிறுவனம், அவர்களின் பொறுப்புகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று பதில். அன்றைக்கு ராத்திரிதான் பீரோவைத் திறந்து பில்லை எடுத்தேன். அதே கையோடு யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்திலும் தேடினேன். தம்பிக்குப் பட்டம் தருவதாகச் சொன்ன பல்கலைக்கழகத்துக்கு அவன் சேர்ந்த வருடம் அந்தப் படிப்பைத் தொலைநிலையில் நடத்த அனுமதியே இல்லை. ஐந்து நிமிட வேலை. சேரும் முன்பே செய்திருக்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். ஒப்பந்தத்தில் எந்தக் காரணத்துக்கும் கட்டணம் திரும்பாது என்ற வரி இருந்தது. நிஜக் கல்லூரியாக இருந்தால் 2018-இல் யுஜிசி போட்ட கட்டணத் திருப்பல் விதி உண்டு: சேர்க்கைக்குக் கடைசித் தேதி தாண்டி பதினைந்து நாளுக்குள் விலகினால் 80 சதவீதம், முப்பது நாளுக்குள் என்றால் பாதி. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கவும் கூடாது. இவர்களை அந்த விதி தொடாது. தம்பியின் மார்க் ஷீட்டை வாங்கவே மூன்று தடவை நடந்தோம்.

முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தேன். அதற்கே சாஃப்ட்வேர் கட்டணமும் பட்டப் பதிவுக்கு வாங்கிய 18,000-ம் திரும்பி வந்தன. மொத்தம் 53,400. மீதிக்குத் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரைக்கான தொகைக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

அவர்கள் தரப்பு என்ன பதில் கொடுத்தது தெரியுமா? "நாங்கள் கல்வி நிறுவனம். கல்வி நிறுவனம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது." வாதம் புதுசு இல்லை. 2020-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் கல்வி நிறுவனங்களைப் பற்றி அப்படித்தான் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பில் கோச்சிங் சென்டர்கள் அந்த விலக்கில் வராது என்றும் சொல்லியிருக்கிறது. எங்கள் வக்கீல் எதுவும் பேசாமல் அந்த பில்லை எடுத்து வைத்தார். 18 சதவீதம், 999293. எங்களைக் கவிழ்த்த காகிதமே இப்போது எங்கள் பக்கம் சாட்சி சொல்கிறது.

எல்லாத் தனியார் இடமும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். வேலை தெரிந்த ஒருவர் ஆறு மாதத்தில், நியாயமான காசுக்கு, ஒரே ஒரு சாஃப்ட்வேரை ஒழுங்காகச் சொல்லித்தந்தால் தாராளமாகப் போகலாம். அங்கே நாம் வாங்குவது பயிற்சி, அதற்கு 18 சதவீதம் கட்டுவதிலும் குற்றமில்லை. ஏழு எட்டு லட்சம் கேட்கிற இடம் என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். அப்படியும் பார்த்தே தீருவேன் என்பவர்கள், சேரும் முன் ஃபீஸ் பில்லின் மாதிரியை எழுத்தில் கேளுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் டாப்பர் படத்தை விடுங்கள், சுமாராகப் படிக்கும் பையனின் ஷோரீலை (அவன் செய்த வேலைகளின் வீடியோத் தொகுப்பு) காட்டச் சொல்லுங்கள். ஓபன் ஹவுஸ் அன்றைக்குப் போகாமல் ஏதாவது ஒரு புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள்.

பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், நாங்கள் கேட்காமல் விட்ட இடங்களையும் கேட்டுப் பாருங்கள். தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸுக்கே நாலு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. எழும்பூரில் 1850-இல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது, கும்பகோணத்திலும் ஒன்று இருக்கிறது. சீட்டு கொஞ்சம்தான், நுழைவுத் தேர்வு உண்டு, கட்டடம் பளபளக்காது. முக்கியமாக, அங்கிருந்து யாரும் உங்களுக்குப் போன் செய்ய மாட்டார்கள். நமக்குத் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணமோ என்னவோ.

தம்பி இப்போது ஒரு பிரிண்டிங் யூனிட்டில் டி-ஷர்ட் டிசைனுக்குக் கலர் செப்பரேஷன் (அச்சடிக்க ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகப் பிரிப்பது) செய்கிறான். ராத்திரி பிளெண்டர். கவின்கலைக் கல்லூரிக்கு எழுதிப் பார்க்கலாமா என்று போன வாரம் தானாகவே கேட்டான், வயது வரம்பை விசாரித்துக்கொண்டிருக்கிறோம். கடைசி இஎம்ஐ 2025 ஜூலையில் முடிந்தது. வழக்கில் இரண்டு வாய்தா போயிருக்கிறது. ஒன்றரை லட்சம் தருகிறோம், மனுவை வாபஸ் வாங்குங்கள் என்று ஆள்விட்டார்கள். அப்பா வாங்கிக்கொள்ளலாம் என்கிறார், நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நுகர்வோர் மனு எப்படி எழுதினோம் என்று தெரிய வேண்டியவர்கள் கேளுங்கள், பெயர்களை எடுத்துவிட்டு அனுப்புகிறேன்.