கொம்புச்சாவுக்குப் பழமும் இலையும்: நெல்லை வெயிலில் போட்டுக் குடித்த அனுபவம்

சீனி போட்ட டீயைப் புளிக்க வைத்துச் செய்கிற பானம்தான் கொம்புச்சா. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் சில வருஷமாக அந்த ஜாடி காலியாக இருந்ததே இல்லை. அடிப்படைப் பானத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் சுவை சேர்ப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பழம் பானத்துக்குச் சோடா மாதிரி வாயுவைக் கொடுக்கும், இலையும் வேரும் மணத்தைக் கொடுக்கும். இது பிடிபட்டுவிட்டால் அப்புறம் எந்தச் செய்முறையையும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

நான் போடுவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு எழுபது கிராம் வெள்ளைச் சீனி, எட்டு கிராம் தேயிலை, நன்றாக ஆறிய பிறகு ஸ்கோபியும் (டீயைப் புளிக்க வைக்கிற ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்த வழுவழுப்பான ஆடை) பழைய கொம்புச்சா நூற்றைம்பது மில்லியும். கண்ணாடி ஜாடி, வாயில் நெருக்கமான துணி. ஏழிலிருந்து பதினாலு நாள் என்று பொதுவாகச் சொல்கிற கணக்கு குளிர்ந்த ஊர்களுக்குச் சரி, நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் ஐந்தாம் நாளே நாக்கில் வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட வேண்டும், விட்டால் காடியாகப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாவகாசமாக ஒன்பது, பத்து நாள் விடலாம். பழம், இலை எதுவும் இந்த ஜாடிக்குள் போகக் கூடாது. துளசி, ஓமவல்லி மாதிரியான இலைகளில் இருக்கும் எண்ணெய் கிருமியை மட்டுமல்ல, நாம் வளர்க்கிற ஈஸ்டையும் பாக்டீரியாவையும் அடக்கும். அதனால் ஸ்கோபியையும் அடுத்த தடவைக்கு வேண்டிய பழைய கொம்புச்சாவையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை பாட்டிலில் ஊற்றிய பிறகுதான் சுவை சேர்ப்பது.

மூடிய பாட்டிலுக்குள் ஈஸ்ட் பழத்தின் சீனியைத் தின்று கரியமில வாயுவை விடும், வெளியே போக வழி இல்லாததால் அது பானத்திலேயே கரைந்து நிற்கும். ஆகவே இனிப்பான பழம் என்றால் பொங்கல் அதிகம். நல்லாப் பழுத்த மாம்பழமும் அன்னாசியும் ரொம்ப வேகம், முக்கால் லிட்டர் பாட்டிலுக்கு நாலு டேபிள்ஸ்பூன் துண்டு போதும், கூழாக அரைத்துப் போட்டால் இன்னும் வேகமாக நுரைக்கும். வெயில் காலத்தில் ஒரு நாள் வெளியே இருந்தால் போதும், உடனே பிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். வாயு அளவைப் பார்க்க எனக்கு நம்பிக்கையான வழி, அதே பழம் போட்டு ஒரு சின்ன பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் நிரப்பிப் பக்கத்தில் வைப்பது. அதை விரலால் அமுக்கிக் கல் மாதிரி இருந்தால் கண்ணாடிப் பாட்டில்களும் தயார். சதுரக் கண்ணாடிப் பாட்டில், மெல்லிசு பாட்டில் எல்லாம் வேண்டவே வேண்டாம், வெடிக்கும். வாயு தாங்குகிற கம்பி மூடி பாட்டில்தான் சரி. நன்றாகக் குளிர்ந்த பிறகு மட்டும் திறக்கவும்.

எனக்கு மிகவும் பிடித்தது நாவல். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழுகிற நாட்களில் வண்டிகளில் குவிந்து கிடக்கும். கொட்டையை எடுத்துவிட்டுச் சதையைக் கையால் பிசைந்து, இரண்டு வில்லை இஞ்சியோடு பாட்டிலில் போட்டால், டீயின் பழுப்பு நிறம் கண்முன்னே கருஞ்சிவப்பாக மாறும், மறுநாள் கழுத்தில் ஊதா நுரை ஒரு விரல் உயரம் நிற்கும். தொண்டையைப் பிடிக்கிற அந்தத் துவர்ப்பு கொம்புச்சாவின் புளிப்போடு சேர்ந்து அடங்கி, பழத்தின் மணம் மட்டும் மேலே வரும். இஞ்சித் தோலில் இயல்பாகவே ஈஸ்ட் இருப்பதால் வாயுவும் நன்றாக ஏறும். இதே சீசனில் குற்றாலத்தில் கிடைக்கும் மங்குஸ்தானை இதில் போட்டுப் பார்க்க வேண்டாம். அவ்வளவு விலை கொடுத்து வாங்கி, அந்த மென்மையான சுவை புளிப்பில் காணாமல் போவதைவிட உரித்து அப்படியே சாப்பிடலாம். நுங்கும் அப்படித்தான்.

நெல்லிக்காயிலும் எலுமிச்சையிலும் சீனி குறைவு, வாயு வராது. அரை ஸ்பூன் சீனியோ, சுண்டைக்காய் அளவு உடன்குடிக் கருப்பட்டியோ சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். கருப்பட்டி போட்ட நெல்லிக்காய் கொம்புச்சாவுக்கு லேசான புகை வாசனை உண்டு, எங்க ஆச்சி அதைத்தான் கேட்டு வாங்கிக் குடிப்பாள்.

பதநீர் ஊற்றலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதே ஈஸ்ட் வேலை செய்து கள்ளாகிவிடாமல் தடுக்கத்தான். அந்தச் சுண்ணாம்பு கொம்புச்சாவின் அமிலத்தை முறித்துவிடும், கெட்ட கிருமி வராமல் காப்பதே அந்த அமிலம்தான். பதநீரைத் தனியாகக் குடியுங்கள், அதற்கு ஈடு இல்லை.

இலைகளில் புதினா ஒரு நாளுக்கு மேல் கிடந்தால் கறுத்துக் கசக்கும், எடுத்துவிட வேண்டும். துளசி நாலைந்து இலைக்கு மேல் போனால் கிராம்பு வாடை அடித்துக் கஷாயமாகிவிடும். திருநீற்றுப்பச்சிலையை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது எனக்கு வருத்தம், மாம்பழத்தோடு ஒரு கொழுந்து போட்டால் அப்படி ஒரு மணம். சங்குப்பூவில் சுவை ஒன்றும் இல்லை, ஆனால் அதன் நீலத் தண்ணீர் கொம்புச்சாவில் பட்டதும் அமிலத்தால் ஊதாவாக மாறுவதைப் பார்க்கவே பிள்ளைகள் கூடிவிடும்.

பிள்ளைகள் என்றதும் சொல்லிவிடுகிறேன், இதில் கொஞ்சம் ஆல்கஹால் உண்டு, பழம் போட்டு மூடி வைத்தால் சற்று கூடவும் செய்யும். சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. ஸ்கோபி மேல் பஞ்சு மாதிரிப் பூஞ்சை தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும், மேலே எடுத்துவிட்டுக் குடிக்கிற வேலை கூடாது.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் நன்னாரியிலிருந்து தொடங்கலாம். நாட்டு மருந்துக் கடையில் வேர் வாங்கி, நன்றாகக் கழுவி, இடித்து, நடுவில் இருக்கும் கட்டைக் குச்சியைத் தள்ளிவிடுங்கள், மணம் எல்லாம் பட்டையில்தான். அதை ஒரு டம்ளர் வெந்நீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு வடிகட்டி, பாட்டிலுக்கு மூன்று டேபிள்ஸ்பூன் ஊற்றி, புளியங்குடி எலுமிச்சை அரை மூடி பிழிந்து, ஒரு ஸ்பூன் சீனி. வெயில் காலத்தில் ஒன்றரை நாள், மழைக் காலத்தில் மூன்று நாள்.