மெல்டெமி வருதுன்னா பாரோஸ் பக்கம் எங்க ஒதுங்குறது: நவுசாவா டெஸ்பாட்டிகோவா?

ஜூலை ஆகஸ்ட்ல கிரீஸ்ல சைக்லேட்ஸ் தீவுங்க பக்கம் யாட் சார்ட்டர் எடுத்துட்டு சுத்துறவங்களுக்கு இந்தக் கேள்வி எப்படியும் வந்துரும். போர்காஸ்ட்ல காத்து 7, 8 போபோர்ட்னு (காத்து பலத்த அளக்குற கணக்கு) போட்டுட்டான், நீங்க பாரோஸ் பக்கம் இருக்கீங்க, எங்க போறது? பாரோஸோட வடக்குக் கரைல இருக்குற நவுசாவா, தென்மேற்குல ஆண்டிபாரோஸ் தீவுக்குப் பக்கத்துல இருக்குற குட்டித்தீவு டெஸ்பாட்டிகோவா? நாங்க டெஸ்பாட்டிகோ போனோம், இப்ப கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

மெல்டெமி நம்மூர் வாடை மாதிரி வடக்குலேந்து வர்ற காத்துதான், ஆனா குளிரும் கிடையாது மழையும் கிடையாது. பால்கன் பக்கம் ஹை பிரஷர், துருக்கி பக்கம் லோ, நடுவுல ஏஜியன் கடல் மாட்டிக்குது. வானம் பளிச்சுன்னு இருக்கும்போதே அடிக்கும், ஆரம்பிச்சா பல நாள் விடாது. அதனால ஒரு ராத்திரி ஒதுங்கத் தேடுற மாதிரி தேடக்கூடாது.

நவுசா ஊர் துறைமுகத்துல எடம் கெடச்சா கட்டிக்கோங்க, சீசன்ல கெடைக்கிறது கஷ்டம், அத விட்டுரலாம்.

நவுசா விரிகுடா வாயே வடக்க பாத்துதான் இருக்கு, மேப்ல பாத்தா இதுக்குள்ளயா போகணும்னு தோணும், ஆனா அய் யானிஸ் மடம் இருக்குற மூலைல நொழஞ்சுட்டா அந்த முனை அலைய தடுத்துரும். பக்கத்துலயே போட் யார்டு, எதிர்ல ஊர், கடை, டவெர்னான்னு சொல்ற சாப்பாட்டுக் கடை, கொலிம்பித்ரெஸ் பாறை பீச், பசங்களோட போறீங்கன்னா இதெல்லாம் பெரிய விஷயம். டெஸ்பாட்டிகோல ஆளே குடியிருக்கல, அப்போலோ கோயில் இடிபாடு இருக்கு, சாப்பிடணும்னா எதிர்ல ஆண்டிபாரோஸ் கரைக்கு டிங்கிங்கற குட்டிப் படகுல போகணும், அந்தக் காத்துல முழுசா நனஞ்சுட்டுத்தான் போய்ச் சேருவீங்க.

ஆனா என்னைக் கேட்டா முடிவு பண்றது டவெர்னா இல்லீங்க, நங்கூரச் செயின் எவ்வளவு விட முடியும்ங்கறதுதான். 8 போபோர்ட்னா 34லேந்து 40 நாட், அதாவது மணிக்கு அத்தனை கடல் மைல். காத்து வேகம் ரெண்டு மடங்கானா போட்ட அது தள்ற விசை நாலு மடங்கு, 20 நாட்ல ஜம்முனு நின்ன நங்கூரத்த நம்பி 40ல தூங்க முடியாது. 5 மீட்டர் ஆழம், தண்ணிலேந்து போட்டோட முன்பக்க உயரம் ஒரு மீட்டர், மொத்தம் 6, இதுக்கு ஏழு மடங்கு செயின்னா 42 மீட்டர். 12 மீட்டர் போட்ட அதோட சேத்தா, காத்து திரும்புனா நீங்க சுத்துற வட்டம் நூறு மீட்டருக்கு மேல அகலம். ஆகஸ்ட்ல நவுசா மூலைல அந்த வட்டத்துக்கு எங்க போறது, சுத்தி போட்டா நிக்கும், 25 மீட்டர் விட்டுட்டு சாமிய கும்பிட வேண்டியதுதான். இழுபட்டா பின்னாடி தெற்குக் கரை வேற. டெஸ்பாட்டிகோல விஸ்தாரமா எடம் இருக்கு, நாங்க பெட்டில இருந்த செயின்ல பெரும்பகுதிய விட்டுட்டோம், யாரும் வந்து கத்தல.

அடுத்தது தரை. நவுசால மணலும் கடல்புல்லும் கலந்து கெடக்கும், புல்லு மேல விழுந்த நங்கூரம் புடிச்ச மாதிரியே ஏமாத்தும், பெரிய வீச்சு ஒண்ணு வந்ததும் ஒரு கொத்து புல்லோட கெளம்பிரும். புல்லுக்கும் கேடு. எங்க போனாலும் வெளிர் நிறமா தெரியுற மணல்ல போட்டுட்டு, ரிவர்ஸ் குடுத்து இழுத்துப் பாத்துட்டு, மாஸ்க் மாட்டி இறங்கி கண்ணால பாத்துருங்க.

தெற்கால எங்க ஒதுங்குனாலும் சரின்னு நெனச்சுக்காதீங்க. பாரோஸ் மலை 700 மீட்டருக்கு மேல, அதுக்கு நேர் கீழ போய் நின்னா அலை இருக்காது, ஆனா காத்து மலைலேந்து உருண்டு வந்து வெளிக்கடல விட மோசமா அறையும். டெஸ்பாட்டிகோலயும் வீச்சு வரும்தான், மலை அவ்வளவு ஒசரம் இல்லாததால தாங்குற அளவுதான் எங்களுக்கு இருந்துச்சு.

ஒரு விஷயத்துல நவுசா ஜெயிக்குது. சார்ட்டர் முடியற தேதி கிட்ட வந்துருச்சு, ஏதென்ஸ் பக்கத்துல இருக்குற லாவ்ரியோ துறைமுகத்துக்குத் திரும்பணும்னா டெஸ்பாட்டிகோலேந்து எதிர்க்காத்துல மேல ஏறணும், நவுசால ஏற்கனவே வடக்க இருப்பீங்க. அப்ப நெருக்கடி இருந்தாலும் நவுசா போங்க, முந்தின நாள் காலைலயே போய் மணல் எடம் புடிச்சுருங்க. நான் சொல்றது எல்லாமே வடக்குக் காத்துக்கு மட்டும்தான், தெற்குக் காத்துல டெஸ்பாட்டிகோல நான் நின்னதில்ல.