நிக்கான் டி7500, 200-500 லென்ஸ்: மதுரைக் கண்மாய்க் கரைகளில் இத்தனை வருடம்

நிக்கான் டி7500 கேமராவில் 200-500 மி.மீ. லென்ஸை மாட்டினால் மொத்த எடை மூன்று கிலோவைத் தொட்டுவிடும். பேட்டரி, கார்டோடு கேமரா 720 கிராம்; காலரோடு (லென்ஸைச் சுற்றிப் பிடிக்கும் தாங்கு வளையம்) லென்ஸ் 2,300 கிராம். இதைத் தோளில் போட்டுக்கொண்டு மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களிலும் பாறைக் குன்றுகளிலும் வருடக்கணக்கில் அலைந்த அனுபவத்தில் எழுதுகிறேன். கேமரா 2017-இல் வந்தது, லென்ஸ் 2015-இல் வந்தது. இன்றைய கணக்குக்கு இரண்டுமே பழசு. ஆனாலும் பறவைப் படம் எடுக்க ஆசைப்பட்டு, அளவான பணத்தோடு யாராவது வந்து கேட்டால் இன்னமும் இந்த ஜோடியைத்தான் சொல்வேன். ஒரே ஒரு நிபந்தனை: வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய நீர்நிலை ஒன்று இருக்க வேண்டும், அங்கே அலுக்காமல் திரும்பத் திரும்பப் போகும் மனசும் வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை சுற்றுலா போகும்போது மட்டும் படம் எடுப்பவருக்கு இந்த எடை வீண் சுமை.

எனக்கு அப்படி வாய்த்த இடம் சாமநத்தம் கண்மாய். கருவேல மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கும் பெரிய கண்மாய் அது. மழைக்காலம் முடிந்து தை, மாசியில் போனால் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கூழைக்கடா எல்லாம் மரமேறி உட்கார்ந்திருக்கும். மரங்கள் கரையிலிருந்து நன்றாகவே தள்ளி நிற்கின்றன, 300 மி.மீ. லென்ஸ் பற்றாது. டி7500-இன் சென்சார் டிஎக்ஸ் அளவு, அதாவது பழைய ஃபிலிம் அளவான ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது என்பதால் இந்த 500 மி.மீ. அங்கே 750 மி.மீ. அளவுக்குப் பறவையைக் கிட்டே கொண்டுவருகிறது. 20.9 மெகாபிக்சலில் கொஞ்சம் க்ராப் செய்யவும் இடமிருக்கிறது. ஃபுல் ஃபிரேம் பக்கம் நான் போகாததற்கு முதல் காரணம் இதுதான். அங்கே இதே நெருக்கம் வேண்டுமென்றால் லென்ஸுக்கே லட்சங்களை எடுத்து வைக்க வேண்டும்.

பறக்கும் பறவையில் கை பழக நல்ல ஆசிரியர் கருப்பு வெள்ளை மீன்கொத்திதான். தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று சிறகடிக்கும். அலகு நேராகக் கீழே பார்க்கும், தலை ஆடவே ஆடாது. சில நொடி அப்படி நின்றுவிட்டுச் சட்டென்று இறங்கும், இல்லையென்றால் பத்தடி தள்ளிப்போய் மறுபடி நிற்கும். அந்தச் சில நொடியில் ஃபோகஸ் பிடித்துவிட்டால் நொடிக்கு 8 படம் ஓடும் வேகம் தாராளம். சிறகு உறைந்து நிற்க ஷட்டர் 1/2500 நொடி வேண்டும். நான் மேனுவல் மோடில் ஷட்டரையும் லென்ஸ் துளையளவான எஃப் 5.6-ஐயும் நிறுத்திவிட்டு, ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓ-வை மட்டும் ஆட்டோவில் விடுகிறேன், உச்ச வரம்பு 3200. அதற்கு மேலே போனால் இறகின் நுணுக்கம் குழைய ஆரம்பிக்கிறது. நாய்ஸ் நீக்கும் மென்பொருள் இப்போது எவ்வளவோ முன்னேறிவிட்டது, ஆனாலும் கேமராவில் பதிவாகாத இறகை எந்த மென்பொருளும் நிஜமாக்கித் தராது.

ஃபோகஸ் பற்றி இரண்டு விஷயம். நிக்கானின் டி500-இல் இருப்பதுபோல ஃபோகஸுக்கென்றே ஏஎஃப்-ஆன் என்று தனிப் பட்டன் இதில் கிடையாது. ஏஇ-எல் பட்டனுக்கு மெனுவில் அந்த வேலையைக் கொடுத்துவிடலாம். கொடுத்த பிறகு கட்டைவிரல் ஃபோகஸுக்கு, ஆள்காட்டி விரல் படத்துக்கு என்று பிரிந்துவிடும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். இன்னொன்று குரூப் ஏரியா ஏஎஃப், ஒற்றைப் புள்ளிக்குப் பதில் சில புள்ளிகளைச் சேர்த்து ஃபோகஸ் பிடிப்பது. முந்தைய டி7200-இல் இல்லாத இந்த வசதி, நாணலுக்கு முன்னால் பறந்து போகும் கொக்கை விடாமல் பிடிக்கிறது. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஒற்றைப் புள்ளியே போதும், அதைக் கண்ணில் வைத்தால் சரி.

லென்ஸின் ஸூம் வளையம் நீளமாகச் சுற்ற வேண்டியது. 200-இலிருந்து 500-க்குப் போக ஒரு திருகு போதாது, பிடியை மாற்றி இன்னொரு திருகும் வேண்டும். அதனால் 500-இலேயே வைத்துக்கொண்டு வானத்தில் பறவையைத் தேடக் கூடாது. 300 வாக்கில் வைத்துப் பறவையைக் கட்டத்துக்குள் கொண்டுவந்து, ஃபோகஸ் பிடித்த பிறகு நீட்டினால் தவறாது.

கொக்குப் படம் எடுப்பவர்கள் எல்லோரும் படும் பாடு வெள்ளை வெளிறிப் போவது. காலை எட்டு மணி வெயிலிலேயே சின்னக் கொக்கின் முதுகு வெறும் வெள்ளைத் தாள் மாதிரி ஆகிவிடும். பின்னால் கருவேல நிழல் இருந்தால் கேட்கவே வேண்டாம், கேமரா அந்த இருட்டைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிடும். டி7500-இல் ஹைலைட் வெயிட்டட் மீட்டரிங் என்று ஒன்று இருக்கிறது. சட்டத்துக்குள் மிக வெளிச்சமான பகுதி வெளிறாதபடி அளவைக் குறைத்துக்கொள்ளும். கொக்கு, நாரை, கூழைக்கடா நாட்களில் அதை மட்டும்தான் வைக்கிறேன். படம் சற்று இருட்டாக வரும், ஆனால் சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் நிழலைத் தூக்கும்போது இந்த சென்சார் நன்றாக ஈடு கொடுக்கிறது. நீர்க்காகம், கரிச்சான் என்று கருப்புப் பக்கம் திரும்பினால் உடனே சாதாரண மீட்டரிங்குக்கு மாற்றி வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) ஏற்ற வேண்டும்.

இனி அரிட்டாபட்டி. மேலூர்ப் பக்கம் இருக்கும் இந்த ஊரின் குன்றுகளை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். தமிழ் பிராமிக் கல்வெட்டு, சமணர் கற்படுக்கை, பாண்டியர் காலக் குடைவரை எல்லாம் ஒரே குன்றுத் தொடரில் இருக்கின்றன. என்னைப் போன்றவர்கள் போவது பாறை முகட்டைப் பார்க்க. லகுடு வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராசாளிப் பருந்து மூன்றும் அங்கே வாழ்கின்றன. டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது சுற்று வட்டார ஊர்கள் திரண்டு எதிர்த்து, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதும் இந்தக் குன்றுகளுக்காகத்தான்.

முகட்டில் பறவையைக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை. பாறையும் பழுப்பு, பறவையும் பழுப்பு. ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர்தான் எனக்கு வழி சொன்னார். "மேல வெள்ளையா கோடு கோடா வடிஞ்சிருக்குல்ல தம்பி, அதுக்கு மேல பாருங்க. எச்சம் போட்ட எடத்துக்குத்தான் அது திரும்பி வரும். வெயில் ஏறுறதுக்குள்ள வந்துருங்க" என்றார். அந்த எச்சக் கோட்டை வைத்து இன்றுவரை தேடுகிறேன், ஏமாந்ததே இல்லை.

வெயில் ஏறுவதற்குள் என்று அவர் சொன்னதில் கேமராக்காரர்களுக்கான பாடமும் இருக்கிறது. பாறை சூடேறியதும் அதன் மேல் காற்று அலையலையாக எழும். அந்த அலை வழியாக வரும் ஒளி வளைந்து வளைந்து வருவதால், வல்லூறின் கண் ஒரு படத்தில் வட்டமாகவும் அடுத்த படத்தில் கரைந்தும் இருக்கும். ஃபோகஸ் தவறியது போலவே தோன்றும். லென்ஸில் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். கோளாறு காற்றில். 500 மி.மீ.-க்குப் பதில் 800 வாங்கினாலும், ஒரு லட்சத்துக்குப் பதில் பத்து லட்சம் போட்டாலும் அந்த அலையைத் தாண்ட முடியாது. பெரிதாக்கினால் அலையும் சேர்ந்தே பெரிதாகும். பங்குனி, சித்திரையில் எட்டரை மணிக்கு மேல் தூரத்துப் படம் எடுப்பதை நான் விட்டுவிட்டேன். அந்த நேரத்துக்கு அடிவாரத்துக் கண்மாயில் பக்கத்தில் வரும் பஞ்சுருட்டான், மீன்கொத்தி என்று இறங்கிவிட வேண்டும். இருபதடி தூரத்தில் வெக்கையின் தொல்லை மிகக் குறைவு.

வெக்கையில் கரைந்த படத்தை அழித்துவிடாதீர்கள். இனம் தெரிந்தால் போதும், பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்டு தளத்தில் தேதியோடு ஏற்றிவையுங்கள். இந்த ஊரில் இந்த மாதத்தில் இந்தப் பறவை இருந்தது என்பதற்கு அது சாட்சி. சுவரில் மாட்டும் படத்தைவிட அந்த மங்கல் படம் அந்த ஊருக்கு அதிகம் உதவலாம் என்று முழுமனதாக நம்புகிறேன். கூட்டை மட்டும் எடுக்கக் கூடாது. கூடு தெரிந்தாலும் இடத்தை வெளியே சொல்லக் கூடாது. செல்போனில் குரலை ஓடவிட்டுப் பறவையை வரவழைப்பவர்களோடு நான் சேர்ந்து போவதில்லை.

தூக்கிப் போவது பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இந்த லென்ஸை விற்பது எடையால்தான். வாரைக் கேமராவில் மாட்டாதீர்கள், லென்ஸ் காலரின் காலில் மாட்டுங்கள். கேமராவில் மாட்டினால் இரண்டே கால் கிலோவும் லென்ஸ் மவுண்ட்டில் தொங்கும். ட்ரைபாடை நான் எடுத்துப் போவதே இல்லை. கண்மாய்க் கரையில் அதை விரித்து முடிப்பதற்குள் பறவை போய்விடும், கரை மண்ணில் சரிசமமாக நிற்பதும் இல்லை. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, இரண்டு முனையும் தைத்து, உள்ளே கம்புத் தானியம் நிரப்பிய பை ஒன்று வைத்திருக்கிறேன். மடைக் கல்லிலோ வண்டி சீட்டிலோ போட்டு அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் அசையாது. கை நடுக்கத்தைக் குறைக்கும் விஆர் துணையோடு 1/125-இல்கூட உட்கார்ந்த நாரை துல்லியமாக வந்திருக்கிறது. மழைக்காலத்தில் கம்பில் வண்டு வரும், மாற்றிவிட வேண்டும்.

ஸூம் செய்யும்போது இந்த லென்ஸ் வெளியே நீள்கிறது, நீளும்போது காற்றை இழுக்கும், காற்றோடு தூசியும் போகும். கோடையில் கண்மாய் வற்றிக் கிடக்கும்போது நான் ஸூமை அடிக்கடி ஓட்டுவதில்லை. உள்ளே சில தூசு இருக்கத்தான் செய்கிறது, படத்தில் தெரியவில்லை. பூஞ்சைதான் உண்மையான பகை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பையிலேயே மூடி வைத்தால் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அரைக் கிலோ சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி, இவ்வளவுதான் செலவு. ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நின்றால் கவலை இல்லை. ஜெல் நிறம் மாறினால் வாணலியில் லேசாக வறுத்துத் திரும்பப் போடலாம். அந்த வாணலி சமையலுக்குத் திரும்பக் கூடாது.

பறவை இல்லாத நாட்களில் இதே கேமராவில் 35 மி.மீ. எஃப் 1.8 ஜி லென்ஸ். 200 கிராம்தான், மாட்டியதே தெரியாது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன் போனால் இதன் அருமை புரியும். மல்லிகை மூட்டையைப் பிரித்துக் கொட்டும் கை, தராசுத் தட்டு, டியூப்லைட் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் சில படம் மஞ்சளாகவும் சில படம் இருட்டாகவும் வந்தால் பயப்பட வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு நூறு முறை மினுங்குகிறது. ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் சரியாகிவிடும். மெனுவில் ஃப்ளிக்கர் ரிடக்‌ஷனைப் போட்டுவிட்டால் வேகமான ஷட்டரிலும் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

நண்பர் ஒருவரின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை) கேமராவையும் 180-600 லென்ஸையும் பலமுறை வாங்கி எடுத்துப் பார்த்திருக்கிறேன். பறவையின் கண்ணைத் தானாகத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் உண்மையிலேயே பெரிய முன்னேற்றம், தகைவிலான் மாதிரி தாறுமாறாகப் பறப்பவற்றில் என் கேமரா பக்கத்தில் வர முடியாது. அந்த லென்ஸ் நீளாமல் உள்ளேயே ஸூம் ஆகிறது, வளையமும் குட்டித் திருகுதான். பணம் இருந்தால் அதையே வாங்கலாம். ஆனால் உட்கார்ந்த நாரையிலும் நீந்தும் முக்குளிப்பானிலும் இரண்டு கேமராவின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், வித்தியாசம் சொல்ல முடியவில்லை. பலரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் என் கேமரா போன்றவற்றுக்கான எஃப் மவுண்ட் லென்ஸ்கள் நல்ல நிலையில் செகண்ட் ஹேண்டாக நிறைய வருகின்றன. புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு இது நல்ல காலம்.

வாங்கும்போது லென்ஸை நீட்டி, பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடித்து முன் கண்ணாடி வழியாகப் பாருங்கள். தூசு பரவாயில்லை, நூல் நூலாக ஏதாவது தெரிந்தால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். விஆர்-ஐப் போட்டு வ்யூஃபைண்டரில் படம் நிற்கிறதா என்று பாருங்கள். 500-இல் எஃப் 5.6-இலேயே, சுமார் முப்பதடி தூரத்தில் ஒரு செய்தித்தாளை ஒட்டி எடுத்து, எழுத்து கூர்மையாக இருக்கிறதா என்று கேமரா திரையில் பெரிதாக்கிச் சரிபாருங்கள். லேசாக முன்பின் இருந்தால் டி7500-இல் லைவ் வ்யூ வழியாக ஏஎஃப் ஃபைன் ட்யூன் என்னும் ஃபோகஸ் திருத்தத்தைத் தானாகச் செய்துகொள்ளலாம், அதற்காக விலகிப் போக வேண்டியதில்லை. லென்ஸின் எட்டும் தூரத்தை 1.4 மடங்காக்கும் டெலி கன்வெர்ட்டர் சேர்த்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அதை மாட்டினால் எஃப் 8 ஆகி, இந்தக் கேமராவில் நடுப்புள்ளி ஒன்றுதான் ஃபோகஸ் செய்யும். மிச்சமாகும் காசில் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்கிவிடலாம்.