சிபி சேர்: ஒன்றரை வருட அனுபவம்

எங்கள் பாப்பாவுக்கு ஏழு வயது, மூளை முடக்குவாதம். ஆங்கிலத்தில் செரிப்ரல் பால்சி, சுருக்கமாக சிபி. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் இந்த மரச் சேரை 8,500 ரூபாய்க்கு வாங்கினோம். இடுப்புக்கு பெல்ட், பாதம் வைக்கப் பலகை, கழற்றி மாட்டும் ட்ரே, தொடைகளுக்கு நடுவில் ஒரு கட்டை. அந்தக் கட்டை இருப்பதால் கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்வதில்லை. முதுகு நிமிர்ந்து நின்றதும் கை அவள் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. வாங்கிய நாலாம் நாள் இட்லியைத் தானே பிய்த்து வாயில் வைத்தாள். பாதி மடியில் விழுந்தது, எனக்கு அதுவே போதும்.

குறை என்றால் ரெக்சின் உறை. வெயில் காலத்தில் வேர்த்து ஒட்டும். பருத்தித் துணி விரித்துக்கொள்ளுங்கள்.

பெரிய விஷயம் பெல்ட்தான். சேரைப் பள்ளிக்கும் கொடுத்தனுப்பினேன். அரை மணி நேரம் உட்காரவைத்து, அப்புறம் பாயில் படுக்கவைக்க வேண்டும் என்று எழுதியும் கொடுத்தேன். ஒருநாள் மதியம் சொல்லாமல் போனேன். மற்ற பிள்ளைகள் எல்லோரும் மைதானத்தில். பாப்பா மட்டும் வகுப்பில், சுவரைப் பார்த்தபடி, பெல்ட்டோடு. அவிழ்த்தால் இடுப்பில் பெல்ட்டின் தையல்கூடச் சிவப்பாகப் பதிந்திருந்தது. “அவுத்துவிட்டா சரிஞ்சிடறாக்கா, மத்த பிள்ளைங்களையும் பார்க்கணும்ல” என்றார் ஓடிவந்த ஆயா. அவர் ஒருவருக்குப் பதினாறு பிள்ளைகள். கோபம் அவர் மேல் இல்லை, “பாதுகாப்புக்குத்தான்” என்ற நிர்வாகத்தின் மேல்.

பள்ளிகளில் பிள்ளைகளைக் கட்டிப்போடுவதையும் தனியறையில் அடைப்பதையும் அமெரிக்க மத்திய கல்வித் துறை கணக்கெடுக்கிறது. உடம்பை நேராக வைக்க, முறைப்படி போடும் பெல்ட் அந்தக் கணக்கில் வராது. பிள்ளையை நகரவிடாமல் வைப்பதற்காகப் போட்டால் அது கட்டிப்போட்டதுதான். நம் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது, பெல்ட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

இப்போது வேறு பள்ளி. சேரின் முதுகில் ஒரு தாள் ஒட்டி, பெல்ட் போட்ட நேரத்தையும் அவிழ்த்த நேரத்தையும் எழுதுகிறார்கள். பாப்பா ட்ரேயை இரண்டு தட்டு தட்டினால் அவிழ்த்துவிட வேண்டும், அதுதான் ஒப்பந்தம். வீட்டில் பாதிச் சாப்பாட்டிலேயே தட்டுவாள். அப்போதும் அவிழ்த்துவிடுகிறேன்.

வாங்குகிறவர்கள் பக்கிள் முன்பக்கம் வருகிற மாதிரி கேட்டு வாங்குங்கள். எங்களுடையது முதுகுப் பக்கம் இருந்தது. 300 ரூபாய் கொடுத்து மாற்றினேன். திறக்க அவள் விரலுக்கு இன்னும் பலம் வரவில்லை. தினமும் தடவிப் பார்க்கிறாள்.